ஒன்பது மில்லிமீட்டர்

காலையில் வேலையறைக் கதவைத் திறந்தவுடன் பெரியவளின் கண்ணில் பட்டது அதுதான். படி நகர்ந்திருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. மேசைமேல் இருந்த பெட்டிக்குள், வெள்ளை அட்டையில் செய்து ஒட்டிய குட்டிப் படிக்கட்டு, தன் இடத்தை விட்டு இடப்பக்கம் லேசாகத் தள்ளி நின்றது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இருபத்தேழு வருடமாக நாட்டிய நிகழ்ச்சிகளுக்கு மேடை வடிவமைத்து, அதிலேயே பெயரும் வீடும் சம்பாதித்தவள் அவள். ஒரு நூல் பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

எந்த மேடையையும் அவள் முதலில் பெட்டிக்குள்தான் கட்டுவாள். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய, முன்பக்கம் திறந்த மரப்பெட்டி. அதற்குள் நிஜ மேடையில் இருபத்தைந்தில் ஒரு பங்காகத் தரை, திரை, பின்னால் உயர்ந்த தளம், தளத்திலிருந்து இறங்கும் படி எல்லாம் இருக்கும். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு அட்டை மனுஷி நிற்பாள். ஆள் எவ்வளவு உயரம், மேடை எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காக வைப்பது. அதற்கு முகம் வரையும் வழக்கம் பெரியவளுக்கு இல்லை. ஆடுகிறவர்கள் வருவார்கள் போவார்கள், மேடைதான் நிற்கும் என்று பேட்டிகளில் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பெட்டி புதிதல்ல. பத்தொன்பது வருடப் பழசு. போன மாதம்வரை அது பக்கத்து அறையில், அவள் தங்கையின் கட்டிலோரம் இருந்தது. தங்கை போய் ஒரு வருடம் ஆகிவிட்டாலும் அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. தங்கை மகள் குட்டிதான் எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "அம்மா ஆடின அதே ஐட்டத்த நான் ஆடப் போறேன் பெரியம்மா. அதே மேடைதான் வேணும்" என்றாள். இருபத்திரண்டு வயதாகியும் அவள் வீட்டில் குட்டிதான். பெரியவள் வளர்த்த பிள்ளை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் குனிந்து பார்த்தாள். பசை உடைந்த மாதிரித் தெரியவில்லை. பிய்த்தால் அட்டையின் தோல் உரிந்திருக்கும். இது வழவழவென்று இருந்தது, அங்கே எப்போதும் எதுவும் ஒட்டப்பட்டதே இல்லை என்பதுபோல. இரும்பு ஸ்கேலை எடுத்து இடைவெளியில் வைத்தாள். ஒன்பது மில்லிமீட்டர். பழக்க தோஷத்தில் மனசு தானாகவே இருபத்தைந்தால் பெருக்கியது.

ஒரு சாண்.

ஸ்கேலை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

அந்த ஒரு சாண் அவளுக்கு நன்றாகத் தெரியும். உலகத்தில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் தச்சர். அன்று ஆடியவள் சின்னவள், அவள் தங்கை. மேடையின் பின்பக்கம் ஒன்பதடி உயரத் தளம். கதையின் உச்சத்தில் விளக்கெல்லாம் அணையும், பாட்டு நிற்கும். கும்மிருட்டில் சின்னவள் தளத்தின் இடது முனையிலிருந்து விளிம்போரமாகப் பதினாறு காலடி எண்ணி நடந்து, திரும்பி, படியில் இறங்க வேண்டும். விளக்கு வரும்போது அவள் மூன்றாம் படியில் நிற்பாள், வானத்திலிருந்து வந்தவள் மாதிரி. படியின் அகலம் ஒன்றரைச் சாண். கைப்பிடி கிடையாது. கைப்பிடி வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று பெரியவள் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

அழகுதான் வினையாக வந்தது. நிகழ்ச்சிக்கு அரைமணி இருக்கும்போது அவள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். பின்திரையில் தீட்டியிருந்த பெரிய வட்டத்தைப் படியின் நிழல் சரிபாதியாக வெட்ட வேண்டும். வெட்டவில்லை. ஒரு சாண் தள்ளி வெட்டியது. அவளால் பொறுக்க முடியவில்லை. தச்சரைக் கூப்பிட்டுப் படியை இடப்பக்கம் ஒரு சாண் நகர்த்தச் சொன்னாள். அவர் தளத்தில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டை மாற்றி முடுக்கினார்.

"தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா."

"சொல்றேன், சொல்றேன். நீங்க முதல்ல தள்ளுங்க."

நிழல் இப்போது வட்டத்தைக் கத்தி வைத்த மாதிரி வெட்டியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டோக்காரரைக் கூப்பிட்டாள். அந்தப் படம்தான் பிறகு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சின்னவள் வெளிச்சத்திலேயே பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆடுகிறவர்கள் பார்ப்பதில்லை, எண்ணுவார்கள்.

ஒன்பதடி கீழே விழுந்த சின்னவளுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். குழந்தைக்கு மூன்று வயது. புருஷன் இரண்டாம் வருடம் காணாமல் போனான். பெரியவள் இருவரையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஊரே மெச்சியது. அடியைத் தப்பாக எண்ணிவிட்டாள் பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். சின்னவளும் அதையேதான் சொன்னாள். எப்படித் தப்பியது என்று பார்க்க வேண்டும், அந்தப் பெட்டியைக் கொண்டு வா அக்கா என்றாள். பெட்டி வந்தது. பெட்டியில் படி, வரைபடத்தில் உள்ள இடத்திலேயே நின்றது. சின்னவள் ஆள்காட்டி விரலைத் தளத்தின் விளிம்பில் வைத்து எண்ணினாள். பதினாறில் விரல் நேராகப் படிக்கு வந்தது. "படி சரியாத்தான் இருக்குக்கா. நான்தான் தப்பு" என்று அழுதாள். பெரியவள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். சாகிறவரை இப்படியே பதினெட்டு வருடம். அட்டைத் தளத்தின் விளிம்பில் அந்த விரல் பட்டுப் பட்டுப் பதினாறு குழிகள் விழுந்து, அழுக்கேறிப் பளபளவென்று இருந்தன.

பெட்டியில் படி நகர்ந்திருந்த இந்தக் காலையில் பெரியவள் அதைப் பெயர்த்து, பழைய இடத்தில் பசை தடவி அழுத்தி வைத்தாள். காய்கிறவரை விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அது மறுபடி ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

குட்டியின் வேலை என்று எண்ணிப் பார்த்தாள். அவள் நாட்டியக் குழுவோடு பயிற்சிக் கூடத்திலேயே இரண்டு நாளாகத் தங்கியிருந்தாள். எலி என்று நினைத்துப் பார்த்தாள். எலி அட்டையைத் தின்னும், அளந்து நகர்த்தாது. மூன்றாம் நாள் படியோடு அட்டை மனுஷியும் நகர்ந்திருந்தாள். படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள், ஒரு கை மட்டும் இடப்பக்கம் நீட்டியபடி. பெரியவள் அவளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

அன்று மத்தியானம்தான் சத்தம் கேட்டது. நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் ஓடும் ஓசையும் குழாய் முனகலும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன, வேலையறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவள் திரைக்கான துணி மாதிரிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், சின்னவளின் அறையிலிருந்து, கட்டில் கம்பியில் நகத்தால் தட்டும் சத்தம் ஆற அமர வந்தது. டக். டக். டக். சின்னவள் தட்டுவாளே, அதே தட்டு. பெட்டியைக் கொடுக்காத நேரங்களில் கம்பியில் தட்டித்தான் எண்ணுவாள். பெரியவளுக்குச் சமையல் செய்யும்போதும் குளிக்கும்போதும் காதில் விழுந்த சத்தம். அவள் கையிலிருந்த துணி அசையாமல் நின்றது. வாய் தானாக எண்ணியது. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். பதிமூன்று வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. மறுபடி பன்னிரண்டில் நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே.

சின்னவள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் பன்னிரண்டில் நிறுத்தியதில்லை. எப்போதும் பதினாறுவரை போவாள். பன்னிரண்டைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தச்சருக்கும் தெரியாது. பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏனென்றால் அன்று பக்கத் திரைக்குப் பின்னால் இருட்டில் நின்றிருந்தபோது, சின்னவளின் குதிகால் பன்னிரண்டாவது முறை தளத்தில் பட்ட நொடியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, சொல்ல மறந்துவிட்டோம் என்று. இன்னும் நாலு அடி இருந்தது. 'நில்லு' என்று ஒரு வார்த்தை போதும். அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தினால் எல்லாம் பாழாகிவிடும். அவள் வாயைத் திறந்தாள். பதிமூன்று. ஒருவேளை சரியாக வைத்துவிடுவாள். பதினாலு. கெட்டிக்காரி, எப்படியாவது சமாளித்துவிடுவாள். பதினைந்து. திறந்த வாயோடு அப்படியே நின்றாள்.

பெரியவள் எழுந்து போய்ச் சின்னவளின் அறையைத் திறந்தாள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்தபடி இருந்தது. கம்பியில் தூசி. ஆனால் ஒரு இடத்தில் மட்டும், ஒரு விரல் நுனி அளவுக்கு, தூசி இல்லை. படுக்கைப் புண்ணுக்குப் போடும் பவுடரின் வாசனை அடித்தது. அந்த டப்பாவை அவள் வெளியே எறிந்து பத்து மாதம் ஆகிறது. கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டாள். பயமாக இருந்தது. வெட்கமாக இல்லை, பயம்தான்.

சாயங்காலம் குட்டி வந்தாள். தோளில் துண்டு, தலையெல்லாம் வியர்வை, வந்ததும் வராததுமாகப் பிரிட்ஜைத் திறந்து பாட்டிலோடு தண்ணீர் குடித்தாள். பிறகு வேலையறை வாசலில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"என்ன பெரியம்மா, அந்தப் பெட்டிய இப்படி முறைக்கறீங்க? நீங்க முறைக்கற முறைப்புல அதுவே பயந்து ஓடிடும்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நாளைக்கு மேடையில முதல் ஒத்திகை, தெரியும்ல? தச்சர் மாமா காலையிலயே மாட்டிடறாராம்." குட்டி பெட்டியருகே வந்து, விளிம்பிலிருந்த குழிகளின்மேல் விரலை ஓட்டினாள். அவள் அம்மாவின் விரல் மாதிரியே ஒல்லியான விரல். "அம்மா தப்பா எண்ணிட்டா. நான் அப்படித் தப்பா எண்ண மாட்டேன். ஒரு மாசமா ஹால்ல கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் பண்றேன். ஒரு தடவகூடத் தப்பல. நீங்கதான் ஒருநாளும் வந்து பாக்கல."

"எனக்கு வேலை இருந்துச்சு."

"தெரியும், தெரியும். பெரிய ஆளு." சிரித்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "பெரியம்மா, படி மட்டும் நகராதுல்ல? மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பெரியவள் பெட்டியைப் பார்த்தாள். காலையில் ஒட்டிய படி, அந்த நேரத்துக்குச் சரியான இடத்தில்தான் இருந்தது.

"நகராது."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

இந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகக்கூடாது. இவளாவது முழுசாகத் திரும்பி வரவேண்டும். பெரியவள் அன்று கேட்டுக்கொண்டதெல்லாம் இது ஒன்றுதான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினெட்டு வருடமாக அம்மா அழுதது எதற்காக என்று தெரிந்தால் இந்தப் பெண் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்ததும் அதை விழுங்கிவிட்டாள். விழுங்கிப் பழகியவள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அரங்கத்துக்குப் போனாள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே எப்போதும்போல ராத்திரி. நாட்டிய அரங்கங்களுக்குப் பகல் என்பதே கிடையாது. காலி நாற்காலிகள், பழைய துணித் திரையின் புழுக்க வாசனை, மேலே எங்கோ கயிறு மரத்தில் உரசும் கிறீச்சொலி, மேடையில் வேலைக்கென்று போட்டிருந்த ஒற்றை பல்பு. அந்த வெளிச்சத்தில் பின்தளமும் படியும் தயாராக நின்றன. தச்சர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆடுகிறவர்கள் பின்னறையில் உடம்பைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சிரிப்பு மெலிதாகக் கேட்டது.

அவள் ஏணி வழியாகத் தளத்தில் ஏறினாள். ஏறியதும் அடையாளம் தெரிந்தது. பழைய தளம். கிடங்கில் கிடந்ததையே எடுத்துப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். டார்ச்சை அடித்துப் படியைத் தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பார்த்தாள். பக்கத்திலேயே, வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த இரண்டு பழைய ஓட்டைகள். அவை வரைபடத்தில் உள்ள இடம். படி நின்றது அங்கே இல்லை, நகர்த்திய இடத்தில். அன்று நின்ற அதே இடத்தில்.

டார்ச்சை இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள்.

ஆக, இதைத்தான் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அவளைக் குத்திக்காட்டுகிறது என்று நினைத்தாள். இல்லை, எச்சரித்திருக்கிறது. சின்னவள் மகளைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறாள். அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கிய மாதிரி இருந்தது. முதல் முறையாக அவளுக்கு அழுகை வந்தது. "சரிடி, சரிடி, நான் பாத்துக்கறேன்" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

தச்சரின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அடைப்பை ஆணியால் குத்தித் தள்ளினாள். படிக்கட்டுக்கு அடியில் சக்கரம் உண்டு, இரண்டு போல்ட்டைக் கழற்றிவிட்டால் ஒருவரே தள்ளலாம். தள்ளினாள். பழைய ஓட்டைகளில் போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. முடுக்கி முடித்தபோது சேலையெல்லாம் தூள். தச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், அதுவும் குட்டி காதில் விழுகிற தூரத்தில்.

பதினொன்றுக்கு நாட்டிய டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டாள். குட்டி ஓடிவரும் வழியில் பெரியவளின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"படி அதே இடம்தானே பெரியம்மா?"

"அதே இடம்தான். தைரியமா ஆடு."

பெரியவள் பக்கத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். பத்தொன்பது வருடம் கழித்து, அதே பக்கம். பாட்டு தொடங்கியது. குட்டி தளத்தின்மேல் வந்தாள். நன்றாக ஆடினாள், அம்மாவைவிட நன்றாகவே ஆடினாள், தோளில் அந்தத் துடிப்பு, கழுத்தில் அந்தத் திமிர். பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தச்சர் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றார். டீ வாசனை.

விளக்குகள் அணைந்தன. வேலை பல்பும் அணைந்தது. பாட்டு நின்றது.

ஒன்று.

குதிகால் பலகையில் படும் சத்தம். இரண்டு. மூன்று. நிதானமாக, ஒரு மூச்சுக்கு ஒரு அடி.

"பயப்படாதீங்கம்மா" என்றார் தச்சர், காதருகே, கிசுகிசுவென்று. "இந்தத் தடவ தப்பு நடக்காது."

நான்கு. ஐந்து.

"அன்னைக்கி நடந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அதான் இந்தப் பொண்ணு விஷயத்துல நானே பாத்துக்கிட்டேன்."

ஆறு. ஏழு.

"தளம் பழசுதான். வரைபடத்துல இருக்கற ஓட்டையில மாட்டினா, நீங்க நெழல் சரியில்லன்னு மறுபடியும் தள்ளச் சொல்லுவீங்க. உங்களப் பத்தித் தெரியாதா?"

எட்டு. ஒன்பது.

"அதான் தள்ளின எடத்துலயே மாட்டிட்டேன். ஹால் தரையில படிக்காக நான் ஒட்டின டேப்பும் அதே கணக்குத்தான். ஒரு மாசமா அந்த எடத்துக்குத்தான் பழகியிருக்கு. கண்ணக் கட்டிவிட்டாலும் கால் அங்கதான் போகும்."

பத்து.

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை.

பதினொன்று.

பன்னிரண்டு.

புரிந்தது.

இன்னும் நாலு. இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. அழகு, மானம், பெயர், ஒன்றும் நினைவில் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். 'நில்லு' என்று கத்த வாயைத் திறந்தாள்.

ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

பின்னாலிருந்து. இடது கை. மெலிந்த, உலர்ந்த உள்ளங்கை. உதட்டில் பவுடர் ஒட்டியது. புண்ணுக்குப் போடும் பவுடர்.

பதிமூன்று.

தச்சர் வலப்பக்கம் நின்றிருந்தார், இரு கையும் டீ டம்ளரைப் பிடித்திருந்தன, டம்ளரில் மோதிரம் இடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் திமிறினாள். கை அசையவில்லை. வலிக்கவும் இல்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி மெதுவாக, இதமாக, இறுக்கமாக.

பதினாலு.

பெற்ற மகளடி. உன் மகளடி அது. கத்தினாள். உள்ளங்கைக்குள்ளேயே.

பதினைந்து.

காதருகே ஒரு மூச்சு. எண்ணுகிற மூச்சு.

பதினாறு.

குட்டி திரும்பும் சத்தம். பாவாடை விரியும் சத்தம். கால் இறங்கும்போது ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. பிறகு, கீழே, ஒன்பதடி கீழே, வந்தது.

கை விலகியது. விளக்கு வந்தது. பின்திரையில் வட்டத்தைப் படியின் நிழல் வெட்டியிருந்தது. சரிபாதியாக அல்ல, ஒரு சாண் தள்ளி.

பெரியவள் வாயைத் துடைத்துப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளை.

தச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போல்ட் இருந்த ஓட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் தூக்கில் தொங்கினார் என்று சொன்னார்கள். தன் கையால்தான் படி தப்பாக மாட்டப்பட்டது என்று எழுதி வைத்திருந்தாராம். அவர் அவளைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாரா, இல்லை நிஜமாகவே அப்படி நம்பினாரா என்று கேட்க ஆளில்லை. டீச்சர் மட்டும் அதை ஏற்கவில்லை. பாவம், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், பெண்தான் அம்மா மாதிரியே எண்ணத் தவறிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துக் குட்டி வீட்டுக்கு வந்தாள். அதே அறை, அதே கட்டில். மெத்தை மட்டும் புதிது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை, இடது கை கொஞ்சம் அசையும் என்று டாக்டர் சொன்னபோது பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு அது தெரிந்த செய்திதான்.

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று உட்காருவாள். கஞ்சியை ஆற்றி, ஸ்பூனால் எடுத்து, குட்டியின் வாயருகே கொண்டுபோய், 'கண்ணு, நான் ஒண்ணு சொல்லணும்' என்று வாயைத் திறப்பாள். திறந்ததும் பவுடர் வாசனை வரும். உதட்டில் அந்த உள்ளங்கை வந்து உட்காரும். வார்த்தை உள்ளேயே செத்துப்போகும். எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தாள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தங்கைதானா அது? பெற்றவள் இப்படிச் செய்வாளா? இல்லை, பதினெட்டு வருடம் ஒரு பொய்யை எண்ணி எண்ணி, அந்த எண்ணிக்கையே ஏதோ ஒன்றாக எழுந்து நிற்கிறதா? அதை யாரிடம் கேட்பது?

ஒரு மத்தியானம் குட்டி சொன்னாள்: "பெரியம்மா, அந்தப் பெட்டிய இங்க கொண்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்." அவள் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை எட்டவில்லை. "எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு பெரியம்மா. ஆனாலும் நான்தான் எங்கயோ தப்பிட்டேன். நீங்க படி நகராதுன்னு சத்தியமே பண்ணினீங்களே."

பெரியவள் வாயைத் திறந்தாள். பவுடர் வாசனை வந்தது. மூடிக்கொண்டாள்.

வேலையறையில் பெட்டியின்மேல் துணி போட்டு மூடியிருந்தாள். அரங்கத்திலிருந்து வந்த நாளாக அதைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாக இருந்தது, அட்டைக்கும் மரத்துக்கும் இவ்வளவு கனம் இருக்காது. கொண்டுவந்து கட்டிலோர மேசையில் வைத்தாள்.

"துணிய எடுங்க பெரியம்மா."

எடுத்தாள்.

தளம் இல்லை. படி இல்லை. திரை இல்லை. பெட்டிக்குள் ஒரு அறை இருந்தது. வெள்ளை அட்டையில், அளவு பிசகாமல், சுத்தமான வெட்டு. அவள் கையே வெட்டின மாதிரி. ஒரு ஜன்னல். ஒரு கட்டில். கட்டிலோரம் ஒரு மேசை, மேசைமேல் ஒரு சின்னஞ்சிறு பெட்டி. கட்டிலில் ஒரு அட்டைப் பெண் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி நின்றிருந்தாள், மேசைமேல் குனிந்தபடி, கையில் துணியோடு.

அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருத்தி. இழுப்பறையில் போட்டுப் பூட்டியவள். இடது கையை உயர்த்தியிருந்தாள். அவளுக்கு இப்போது முகம் இருந்தது.

"என்ன பெரியம்மா, பேசவே மாட்டேங்கறீங்க? படி சரியா இருக்கா?"

பெரியவளின் கை, பழக்க தோஷத்தில், பெட்டியின் ஓரத்தில் கிடந்த ஸ்கேலை எடுத்தது. குனிந்து நிற்பவளின் முதுகுக்கும் பின்னால் நிற்பவளுக்கும் இடையே வைத்தது. இன்னும் குனிந்தாள். கோட்டைப் படித்தாள்.

ஒன்பது மில்லிமீட்டர்.

அவள் திரும்பவில்லை. பிடரியில் ஒரு மூச்சு பட்டது. கட்டில் கம்பியில் நகம் தட்டத் தொடங்கியது. குட்டியின் கை போர்வைக்குள் இருந்தது.

"பெரியம்மா?" என்றாள் குட்டி. பிறகு, மெல்ல, குரல் மாறி: "உங்க பின்னாடி நிக்கறது யாரு?"

உள்ளங்கை வந்து வாயில் உட்கார்ந்தது. மெதுவாக. இதமாக. ஒன்று. இரண்டு. மூன்று.